வேட்டை மீனுக்கு உயிர் மீன் வேண்டுமா?

ஞாயிற்றுக்கிழமை மாலை. கூடத்தில் விளக்குப் போட்ட கண்ணாடித் தொட்டி. உள்ளே கறுப்பும் ஆரஞ்சும் கலந்த ஆஸ்கர் மீன் ஒன்று. உள்ளங்கை அகலம் இருக்கிறது.

வீட்டுக்கு விருந்தாளிகள் வந்திருக்கிறார்கள். "வேடிக்கை பாருங்கள்" என்கிறார் வீட்டுக்காரர். கையில் இருக்கும் பிளாஸ்டிக் பையை அவிழ்க்கிறார். பைக்குள் சுண்டுவிரல் நீளத்தில் ஆறு தங்க மீன்கள். பையை அப்படியே தொட்டிக்குள் கவிழ்க்கிறார்.

ஒரு மீன் போயிற்று. இன்னொன்றும் போயிற்று. மூன்றாவது மீன் ஒரு மூலையில் ஒடுங்கி நிற்கிறது. பெரியவர்கள் கை தட்டுகிறார்கள். ஐந்து வயதுக் குழந்தை அம்மாவின் முந்தானையைப் பிடித்துக் கொண்டு, "அது ஏம்மா ஓட மாட்டேங்குது?" என்று கேட்கிறது.

எங்கே ஓடும்? நாலு பக்கமும் கண்ணாடி!

இது ஏதோ ஒரு வீட்டின் கதை அல்ல. ஆஸ்கர், அரோவானா, சிவப்பு வால் கெளுத்தி என்று வேட்டை மீன் வளர்க்கும் பல வீடுகளில் நடப்பதுதான். வண்ண மீன் வியாபாரத்துக்குப் பேர் போன கொளத்தூருக்குப் போனாலும் சரி, ஊர் மூலையில் இருக்கும் சின்னக் கடைக்குப் போனாலும் சரி, அழகுக்கு வாங்கும் தங்க மீன் ஒரு தொட்டியில் இருக்கும். தீனிக்கு வாங்கும் தங்க மீன் பக்கத்துத் தொட்டியில் நெருக்கியடித்துக் கொண்டு இருக்கும். இரண்டும் ஒரே சாதி மீன்தான். விதிதான் வேறு.

"வேட்டை மீனுக்கு உயிருள்ள மீனைத்தான் போட வேண்டும். அப்போதுதான் நிறம் வரும். வீரம் குறையாது" என்று பலர் சொல்லுகிறார்கள். இது சரியா?

சரியல்ல. இரக்கம் பார்த்து மட்டும் இப்படிச் சொல்லவில்லை. தின்னப்படும் மீனுக்கு மட்டும் இதனால் கேடு என்பதில்லை. தின்னும் மீனுக்கும் கேடு. சில சமயம் தொட்டி வைத்திருக்கும் வீட்டுக்கும் கேடு.

இயற்கை என்ற வாதம்

"காட்டில் புலி மானைத் தின்கிறது. ஆற்றில் பெரிய மீன் சின்ன மீனைத் தின்கிறது. இதில் என்ன தப்பு?" என்று கேட்பார்கள்.

ஆஸ்கர் மீனின் பிறந்த ஊர் தென் அமெரிக்கா. அமேசான் ஆற்றுப் படுகையில் வாழும் மீன் அது. அங்கே பூச்சி, நண்டு, இறால், நத்தை, சின்ன மீன் என்று கிடைப்பதை எல்லாம் தின்று ஓர் அடி நீளம் வளரும். தங்க மீனோ சீனாவில் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே மனிதர்கள் வளர்த்துப் பழக்கிய மீன். அமேசானில் பிறந்த ஆஸ்கர், இயற்கையில் தங்க மீனைக் கண்ணால்கூடப் பார்த்தது கிடையாது!

அரோவானாவின் கதை இன்னும் வேடிக்கை. அதன் வாய் மேல் நோக்கி இருக்கும். எதற்காக? தண்ணீருக்கு மேலே கிளையில் உட்கார்ந்திருக்கும் பூச்சியையும் சிலந்தியையும் துள்ளிப் பிடிப்பதற்காக. அதனால்தான் அதற்குத் "தண்ணீர்க் குரங்கு" என்று ஒரு பட்டப்பெயர் உண்டு. தொட்டிக்கு மூடி போடாவிட்டால் காலையில் தரையில் கிடக்கும். அப்படிப்பட்ட மீனுக்குத் தினமும் தங்க மீனைப் போட்டுவிட்டு, இதுதான் இயற்கை என்று சொன்னால் எப்படி?

ஆற்றில் துரத்தப்படும் மீனுக்குக் கல் இடுக்கு உண்டு; வேர் உண்டு; தப்பிக்க வழி உண்டு. தொட்டியில் என்ன உண்டு?

நரிகள் விழுந்த கதை

இனி முக்கியமான விஷயத்துக்கு வருவோம்.

அமெரிக்காவில் மின்னசோட்டா என்று ஒரு மாநிலம். 1932-ம் ஆண்டு அங்கே ஒரு நரிப் பண்ணையில் விசித்திரமான நோய் வந்தது. ரோமத்துக்காக வளர்க்கப்பட்ட நரிகள் அவை. திடீரென்று தீனி எடுக்க மறுத்தன. கால்கள் விறைத்தன. பிறகு நடக்க முடியாமல் விழுந்து செத்தன. பண்ணைக்காரரின் பெயர் சாஸ்டெக். அந்த நோய்க்கு இன்றும் "சாஸ்டெக் வாதம்" என்றே பெயர்.

காரணம் என்ன தெரியுமா? நரிகளுக்குப் போட்ட பச்சைக் கெண்டை மீன்!

மீனில் விஷம் இல்லை. மீன் அழுகவும் இல்லை. ஆனால் அந்த மீனின் உடம்பில் ஒரு பொருள் இருந்தது. 'தயமினேஸ்' என்று அதற்குப் பெயர். அது பி-1 என்ற வைட்டமினை வெட்டித் துண்டு போட்டு விடும். நரி எவ்வளவு தின்றாலும் அந்த வைட்டமின் உடம்பில் ஒட்டாது. நரம்பு தளர்ந்து விடும். அதே மீனை வேக வைத்துப் போட்டால் ஒன்றும் ஆகாது. சூட்டில் அந்தப் பொருள் அழிந்து விடும்.

பி-1 வைட்டமின் நம்மவர்களுக்குப் புதிதல்ல. ஜாவாவில் இருந்த டச்சு டாக்டர் எய்க்மன், 1890-களில் கோழிகளை வைத்து ஆராய்ந்தார். தீட்டிய வெள்ளை அரிசி தின்ற கோழிகளுக்குக் கால் வாதம் வந்தது. தவிட்டோடு தின்ற கோழிகள் நன்றாக இருந்தன. அதற்காக 1929-ல் அவருக்கு நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. மலேயாவில் இருந்த டாக்டர் பிராடன் 1907-ல் வெளியிட்ட நூல் இன்னொரு செய்தியைச் சொன்னது. வெள்ளை அரிசி சாப்பிட்ட சீனத் தொழிலாளர்களை 'பெரிபெரி' என்ற வாத நோய் வாட்டியது. பக்கத்திலேயே வேலை செய்த தமிழர்களை அது அவ்வளவாகத் தொடவில்லை. காரணம், தமிழர்கள் சாப்பிட்டது புழுங்கல் அரிசி! நெல்லை அவிக்கும்போது வைட்டமின் உள்ளே இறங்கித் தங்கி விடுகிறது.

தங்க மீனும் கெண்டைக் குடும்பம்தான். அதன் உடம்பிலும் இந்தத் தயமினேஸ் நிறைய உண்டு. மாதக்கணக்காகத் தங்க மீனை மட்டுமே தின்னும் ஆஸ்கருக்கும் அரோவானாவுக்கும் பி-1 குறைகிறது. முதலில் பசி குறையும். பிறகு உடம்பு சாய்ந்து நீந்தும். சுற்றிச் சுற்றி வரும். "நன்றாகத்தானே தின்றது, எப்படிச் செத்தது?" என்று வளர்த்தவர் திகைப்பார். தின்றதுதான் காரணம்.

போதாததற்கு, நெருக்கியடித்து வளர்க்கும் தீனி மீன்களில் வெள்ளைப் புள்ளி நோய், நங்கூரப் புழு என்று எல்லாம் இருக்கும். ஒரு பை தீனி மீன் வாங்குவது, ஒரு பை நோயையும் சேர்த்து வாங்குவதுதான்.

அப்படியானால் எதைப் போடுவது?

இறால். மலிவான இறாலே போதும்.

இறாலும் வெள்ளைச் சதை உள்ள கடல் மீனும் வேட்டை மீனுக்கு நல்ல தீனி. இறால் ஓட்டில் செந்நிறம் தரும் சத்து இருக்கிறது. இறாலை வேக வைத்தால் சிவக்கிறதே, அதே சத்துதான். நிறம் வேண்டும் என்பவர்கள் உயிர் மீனைத் தேட வேண்டியதில்லை. ஓட்டோடு இறாலைப் போட்டாலே போதும். கொம்பை மட்டும் கிள்ளி விட வேண்டும். அது தொண்டையில் குத்தும்.

மீனில் கிழங்கான் நல்லது. கொழுப்புக் குறைவு, சதை வெள்ளை. ஜிலேபி மீனில் தயமினேஸ் தொல்லை இல்லை. விலையும் குறைவு. முள்ளை எடுத்துவிட்டு வெறும் சதையாக நறுக்கிப் போடலாம். மத்தி, கானாங்கத்தை இரண்டும் சத்துள்ள மீன்கள்தான். ஆனால் எண்ணெய் அதிகம். நாள் பட்டால் அந்த எண்ணெய் காறிப் போகும். காறிய எண்ணெய் மீனின் உடம்புக்கு ஆகாது. எப்போதாவது, அன்று வாங்கியதைப் போட்டால் போதும். நெத்திலி வகைகள் சிலவற்றிலும் தயமினேஸ் உண்டு. நெத்திலி மலிவாகக் கிடைக்கிறது என்று அதையே தினமும் போடுவது சரியல்ல.

ஆட்டு ஈரல், மாட்டு இதயம், கோழித் தோல்? சிலர் இவற்றைப் போடுகிறார்கள். மீன் ஆவலாகத் தின்னத்தான் செய்யும். ஆட்டுக் கறிக் குழம்பு ஆறிப் போனால் மேலே கொழுப்பு வெள்ளையாக உறைந்து நிற்பதை எல்லோரும் பார்த்திருப்பார்கள். நம் உடம்புச் சூட்டில் அது கரையும். மீனின் உடம்பில் ஏது சூடு? தொட்டித் தண்ணீர் எவ்வளவோ அவ்வளவுதான். அந்தக் கொழுப்பு மீனுக்குச் சரியாகச் செரிக்காது. கல்லீரலில் போய்ப் படியும். மீன் கொழுகொழுவென்று அழகாக இருக்கும், ஒரு நாள் காலையில் மிதக்கும் வரைக்கும்.

அரோவானாவுக்குக் கரப்பான் பூச்சி பிடித்துப் போடுகிறவர்களும் உண்டு. பூச்சி அதற்கு இயல்பான உணவுதான். ஆனால் வீட்டுக் கரப்பான் எந்த மருந்தைத் தொட்டுவிட்டு வந்தது என்று யாருக்குத் தெரியும்? சமையலறையில் மருந்து தெளித்த மறுநாள், அரை மயக்கத்தில் மல்லாந்து கிடக்கும் கரப்பானைத் தொட்டியில் போடுவது மீனுக்கு விஷம் வைப்பதுதான்.

கடையில் விற்கும் உருண்டைத் தீனியை மட்டமாக நினைக்க வேண்டாம். வைட்டமின் சேர்த்துச் செய்தது அது. வாரத்தில் பாதி நாள் அதுவும், மீதி நாள் இறாலும் மீனும் என்று வைத்துக் கொண்டால் மீனுக்கும் நல்லது, பணப்பைக்கும் நல்லது.

மீன் கடையில்

"மீனுக்குப் போடுவதற்குத்தானே, கெட்டதாக இருந்தால் என்ன?" என்று சிலர் கழித்துப் போட்ட மீனை மலிவாகக் கேட்டு வாங்குகிறார்கள். தவறு. வீட்டில் குழம்பு வைக்க எதை வாங்க மாட்டோமோ, அதைத் தொட்டிக்கும் வாங்கக் கூடாது. நாமாவது கெட்ட மீனை வேக வைத்துத் தின்போம். தொட்டி மீன் பச்சையாகத் தின்கிறது!

மீன் வாங்கத் தெரியாத தாய்மார்கள் தமிழ்நாட்டில் குறைவு. கண் தெளிந்திருக்க வேண்டும். செவுளைத் தூக்கிப் பார்த்தால் சிவப்பாக இருக்க வேண்டும். விரலால் அழுத்தினால் பள்ளம் விழாமல் எழும்ப வேண்டும். இறால் என்றால் தலை உடம்போடு இறுக ஒட்டியிருக்க வேண்டும். தலை கழன்று தொங்கினாலும், ஓட்டில் கறுப்பு படர்ந்திருந்தாலும், மூக்கில் சுள்ளென்று வாடை ஏறினாலும் வேண்டாம்.

மருந்து போட்ட மீன் என்று ஒரு பயமும் உண்டு. அது வீண் பயம் அல்ல. 2018-ம் ஆண்டு ஜூன் மாதம் கேரளாவில் உணவுப் பாதுகாப்பு அதிகாரிகள் "சாகர் ராணி" என்ற பெயரில் சோதனை நடத்தினார்கள். பார்மலின் கலந்த மீன் ஆயிரக்கணக்கான கிலோ பிடிபட்டது. பிணம் கெடாமல் இருக்கப் பூசும் மருந்து அது. ஈ மொய்க்காத மீனையும், சதை ரப்பர் போல இருக்கும் மீனையும் சந்தேகப்பட வேண்டியதுதான். எதை வாங்கினாலும் நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று முறை கழுவிய பிறகே நறுக்க வேண்டும்.

உறைய வைத்து விற்கும் பொட்டலம் வாங்கினால்? பொட்டலத்தை ஆட்டிப் பார்க்க வேண்டும். உள்ளே இறால் ஒவ்வொன்றும் தனித்தனியாகக் கலகலவென்று ஆடினால் நல்லது. எல்லாம் ஒரே கட்டியாக ஒட்டி, பொட்டலத்தின் ஓரத்தில் பனிக்கட்டி சேர்ந்திருந்தால், நடுவில் எங்கேயோ ஒரு தடவை உருகி மறுபடி உறைந்திருக்கிறது என்று அர்த்தம். வண்டியில் உருகியதோ, கடையில் மின்சாரம் போனதோ தெரியாது. சதையில் வெள்ளை வெள்ளையாக உலர்ந்த திட்டு இருந்தால் பழைய சரக்கு. பொட்டலத்தின் பின்புறம் சின்ன எழுத்தில் என்ன போட்டிருக்கிறது என்பதையும் படிக்க வேண்டும். உப்பு, மசாலா, பூண்டு சேர்த்தது தொட்டிக்கு ஆகாது. எழுத்துக் கூட்டிப் படிக்கும் பிள்ளைகளிடம் கொடுத்தால் சந்தோஷமாகப் படித்துச் சொல்லுவார்கள்.

பிரீசரில் என்ன நடக்கிறது?

தக்காளியைப் பிரீசரில் வைத்து எடுத்தவர்களுக்குத் தெரியும். வெளியே எடுத்ததும் கொழகொழவென்று ஆகி விடும். ஏன்? உள்ளே இருக்கும் தண்ணீர் மெதுவாக உறையும்போது பெரிய பெரிய பனி ஊசிகளாக மாறுகிறது. அந்த ஊசிகள் சதையைக் குத்திக் கிழிக்கின்றன. உருகும்போது சாறு வெளியே ஓடி விடுகிறது. மீனுக்கும் இறாலுக்கும் அதேதான். தொழிற்சாலையில் கடும் குளிரில் சீக்கிரம் உறைய வைக்கிறார்கள். ஊசி சின்னதாக இருக்கும், சேதம் குறையும்.

வீட்டில் என்ன செய்யலாம்? கழுவிச் சுத்தம் செய்து, மீனின் வாய்க்குத் தக்கபடி நறுக்கி, ஒரு வேளைக்கு ஒரு பொட்டலமாகக் கட்ட வேண்டும். உருண்டையாகக் கட்டாமல் அப்பளம் போல் தட்டையாகப் பரப்பிக் கட்டினால் சீக்கிரம் உறையும். பைக்குள் இருக்கும் காற்றை அழுத்தி வெளியே விட வேண்டும். பொட்டலத்தின் மேல் தேதியை எழுத வேண்டும். கொழுப்பில்லாத மீனும் இறாலும் நாலு மாதம் வரை தாங்கும். மத்தி போன்றவற்றை இரண்டு மாதத்துக்கு மேல் வைக்க வேண்டாம்.

உறைய வைப்பதில் ஒரு லாபம் உண்டு. சதைக்குள் இருக்கும் புழுக்கள் செத்து விடும். பச்சை மீன் சாப்பிடும் மனிதர்களுக்காக அமெரிக்க அரசு வகுத்த கணக்கு ஒன்று இருக்கிறது. மைனஸ் 20 டிகிரியில் 7 நாள் வைக்க வேண்டும் என்கிறது அது. நம் வீட்டுப் பிரீசர் பெரும்பாலும் மைனஸ் 18. அதையும் ஐஸ்கிரீமுக்காகப் பிள்ளைகள் பத்துத் தடவை திறந்து மூடுவார்கள். அதனால் இரண்டு வாரம் வைத்துப் பிறகு பயன்படுத்துவது நல்லது.

ஆனால் ஒன்று. குளிர் புழுவைக் கொல்லும். கிருமியைக் கொல்லாது. தூங்க வைக்கும், அவ்வளவுதான். வெளியே எடுத்ததும் அது விழித்துக் கொள்ளும். அதனால்தான் ஒருமுறை உருகியதை மறுபடி உறைய வைக்கக் கூடாது என்பது. தயமினேஸ்கூடக் குளிருக்கு அசையாது. கெண்டையையும் தங்க மீனையும் உறைய வைத்துப் போட்டாலும் பழைய குறை அப்படியேதான் இருக்கும்.

இதற்கு மிருகக்காட்சி சாலைக்காரர்கள் ஒரு வழி வைத்திருக்கிறார்கள். பென்குயின், கடல் சிங்கம் போன்றவை அங்கே உறைந்த மீனைத்தான் தின்று வாழ்கின்றன. ஒரு கிலோ மீனுக்கு 25 முதல் 30 மில்லிகிராம் வரை பி-1 வைட்டமின் கணக்கிட்டு, அந்த மாத்திரையை மீனின் செவுளுக்குள் செருகிக் கொடுக்கிறார்கள். உயிர் மீனை விட்டுத் துரத்தவில்லை! அத்தனை பெரிய பிராணிகள் உறைந்த மீனில் ஆண்டுக்கணக்காக வாழும்போது, கூடத்துத் தொட்டியில் இருக்கும் ஆஸ்கருக்கு மட்டும் உயிர் மீன் எதற்கு?

மின்சாரம் போனால்...

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது சென்னையில் பல தெருக்களில் நாள் கணக்கில் மின்சாரம் இல்லை. பிரிட்ஜில் இருந்தது கெட்டதா, கெடவில்லையா என்று தெரியாமல் வீடுகள் தவித்தன.

நிறைந்திருக்கும் பிரீசர், கதவைத் திறக்காமல் இருந்தால் அதிகம் போனால் இரண்டு நாள் குளிர் தாங்கும். பாதி நிறைந்திருந்தால் ஒரு நாள். வெளியூர் போய்த் திரும்பியவர்களுக்கு எத்தனை நேரம் மின்சாரம் நின்றது என்பது எப்படித் தெரியும்?

அதற்கு ஒரு சுலபமான வழி. ஒரு டம்ளரில் தண்ணீர் வைத்துப் பிரீசரில் உறைய விட வேண்டும். உறைந்ததும் மேலே ஒரு ரூபாய் நாணயத்தை வைத்து அங்கேயே விட்டு விட வேண்டும். ஊரிலிருந்து வந்து பார்க்கும்போது நாணயம் மேலேயே இருந்தால் பயமில்லை. டம்ளரின் அடியில் கிடந்தால், தண்ணீர் முழுவதும் உருகி மறுபடி உறைந்திருக்கிறது. மீன் பொட்டலத்தை யோசிக்காமல் குப்பையில் போட வேண்டியதுதான். நடுவில் நின்றால்? அதையும் போட்டு விடுவதே நல்லது. ஒரு ரூபாயில் இவ்வளவு நல்ல காவல்காரன் வேறு எங்கும் கிடைக்க மாட்டான்!

அம்மாவின் பிரிட்ஜ்

மீன் வளர்க்கும் ஆசை பெரும்பாலும் அப்பாவுக்கோ அண்ணனுக்கோ வருகிறது. பிரிட்ஜ் அம்மாவின் பொறுப்பில் இருக்கிறது. இட்லி மாவுக்கும் பாலுக்கும் நடுவே ஒரு நாள் திடீரென்று புழுப் பொட்டலம் உட்கார்ந்திருக்கும். சண்டை வராமல் என்ன செய்யும்?

அம்மா பக்கம்தான் நியாயம் இருக்கிறது. மீன் தீனிக்கு மூடியுள்ள தனி டப்பா வேண்டும். தனிக் கத்தி, தனிப் பலகை வேண்டும். வெங்காயம் நறுக்கும் பலகையில் தீனி மீனை நறுக்குவது கூடாது. உருக்குவதற்கு எடுத்தால் பிரிட்ஜின் அடித்தட்டில், கிண்ணத்துக்குள் வைக்க வேண்டும். மேல் தட்டில் வைத்தால் சாறு சொட்டிக் கீழே இருக்கும் குழம்பில் விழும். அடுப்பு மேடையில் போட்டுவிட்டு ஆபீசுக்குப் போவது அதைவிட மோசம். சித்திரை வெயிலில் இரண்டு மணி நேரம் போதும், மீன் கெடுவதற்கு.

உறைந்த ரத்தப் புழு விற்கிறார்கள். ஒரு வகைக் கொசு போன்ற பூச்சியின் குஞ்சு அது. சிலருக்கு அதைத் தொட்டாலே தோல் தடிக்கும். மூக்கில் தண்ணீர் கொட்டும். மூச்சுத் திணறலும் வரும். இழுப்பு நோய் உள்ள குழந்தை இருக்கும் வீட்டில் அது வேண்டவே வேண்டாம்.

இன்னொரு செய்தியையும் தெரிந்து கொள்ள வேண்டும். 1926-ல் அமெரிக்காவில் பிலடெல்பியா நகரத்து மீன் காட்சி சாலையில் செத்த மீன்களை அரான்சன் என்பவர் சோதித்தார். காச நோய்க் கிருமிக்கு உறவான ஒரு கிருமியைக் கண்டு பிடித்தார். கையில் காயத்தோடு தொட்டியில் கை விட்டால் அந்தக் கிருமி மனிதனின் தோலிலும் புகும். ஆறாத கட்டியாக நிற்கும். மாதக்கணக்கில் மருந்து சாப்பிட வேண்டும். எங்கிருந்தோ வாங்கி வந்த உயிர் மீனோடு அந்தக் கிருமி தொட்டிக்குள் வரலாம். பிள்ளைகள் தீனி போடட்டும், தவறில்லை. போட்டதும் சோப்புப் போட்டுக் கை கழுவட்டும். கையில் புண் இருக்கும் நாளில் தொட்டிப் பக்கமே போக வேண்டாம்.

எவ்வளவு? எப்போது?

உருகிய சாற்றைத் தொட்டியில் ஊற்றக் கூடாது. வடித்து விட்டு, ஒரு தடவை அலசி, சதையை மட்டும் போட வேண்டும். அந்தச் சாறுதான் தண்ணீரைக் கலக்கி நாற வைக்கிறது. தின்னாமல் கிடக்கும் துண்டும் அப்படித்தான். அழுகி அம்மோனியா ஆகும். மீன் தன் தீனியாலேயே மூச்சுத் திணறும். பத்து நிமிஷத்தில் மிச்சத்தை எடுத்து விட வேண்டும்.

குஞ்சுக்குத் தினம் இரண்டு வேளை கொஞ்சம் கொஞ்சமாக. வளர்ந்த மீனுக்கு ஒரு நாள் விட்டு ஒரு நாள் போதும். வாரத்தில் ஒரு நாள் பட்டினி போட்டால் நல்லது. பாவம் என்று நினைக்க வேண்டாம். ஆற்றில் எந்த மீனுக்கும் மூன்று வேளை சாப்பாடு கிடையாது. வயிறு லேசாக உப்பினால் நிறுத்தி விட வேண்டும். "இன்னும் கேட்கிறதே" என்றால், ஆஸ்கர் எப்போதும் கேட்கும்!

தீனிச் செலவைக் கணக்குப் பார்த்துவிட்டே மீனை வாங்க வேண்டும். விரல் அளவில் விற்கும் சிவப்பு வால் கெளுத்தி மூன்றடிக்கு மேல் வளரும். முதலை வாய் போன்ற வாயுள்ள 'அலிகேட்டர் கார்' மீன் ஆள் உயரத்தையும் தாண்டும். வாங்கியவர் தீனி போட முடியாமல் என்ன செய்கிறார்? இரவோடு இரவாக ஏரியில் விட்டு விடுகிறார். 2023 மே மாதம் காஷ்மீரில் தால் ஏரியைச் சுத்தம் செய்தபோது ஓர் அலிகேட்டர் கார் அகப்பட்டது. வட அமெரிக்க மீனுக்குக் காஷ்மீரில் என்ன வேலை? தானாக நீந்தி வந்திருக்க முடியாது. யாரோ விட்டதுதான். ஏரி மீன்களை அது தின்று தீர்த்தால், வலை வீசிப் பிழைக்கிறவர் யாரிடம் போய்க் கேட்பது?

பழக்கத்தை மாற்றுவது எப்படி?

"என் மீன் செத்த இறாலைத் திரும்பிக்கூடப் பார்க்காது" என்பார்கள். பார்க்கும். பசி வர வேண்டும்.

உயிர் மீனுக்குப் பழகிய ஆஸ்கரை இரண்டு மூன்று நாள் பட்டினி போட வேண்டும். நல்ல உடம்புள்ள வளர்ந்த மீனுக்கு இதனால் ஒன்றும் ஆகாது. பிறகு ஒரு மெல்லிய குச்சியின் நுனியில் சிறிய இறால் துண்டைச் செருகி, உயிரோடு இருப்பது போல் தண்ணீரில் மெல்ல அசைக்க வேண்டும். கூர்மையான குச்சி கூடாது. முதல் நாள் முகர்ந்து பார்த்துத் துப்பும். துப்பியதை எடுத்து விட்டு, விளக்கை அணைத்து விட வேண்டும். இரக்கப்பட்டு அன்று இரவே தங்க மீனைப் போட்டால் எல்லாம் வீண். அடுத்த நாள் மறுபடி அசைக்க வேண்டும். ஒரு நாள் விழுங்கி விடும். அதற்குப் பிறகு குச்சி அசைய வேண்டியதில்லை. கொஞ்ச நாளில் குச்சியே வேண்டியதில்லை. பிறகு இறாலோடு உருண்டைத் தீனியையும் கலந்து போடலாம்.

மீன் இதைப் பழகிக் கொள்ள ஒரு வாரமும் ஆகலாம், ஒரு மாதமும் ஆகலாம். பழகிய பிறகு பார்க்க வேண்டுமே! சமையலறையில் பிரிட்ஜ் கதவு திறக்கும் சத்தம் கேட்டதும், கூடத்தில் ஆஸ்கர் கண்ணாடியோடு மூக்கை வைத்துக் கொண்டு நிற்கும்.